பெரணிக்குக் கட்டுப் போட்ட கதை

எங்கள் சித்தி கல்யாணமாகி இராஜபாளையத்துக்கு வந்தபோது மடியில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். பீரோவும் கட்டிலும் பாத்திரங்களும் வேறு வண்டியில் முன்னால் போய்விட்டன. இந்த டின் மட்டும் வால்பாறையில் வேன் ஏறியதிலிருந்து அவள் மடியை விட்டு இறங்கவில்லை. மேலே ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அப்போது மூன்றாம் வகுப்பு. உள்ளே முறுக்கோ அதிரசமோ இருக்கிறது, ஊர் வருவதற்குள் எப்படியும் திறப்பார்கள் என்ற நம்பிக்கையில் மலை வளைவுகளில் வந்த வாந்தியைக்கூட அடக்கிக்கொண்டு வந்தேன். பொள்ளாச்சி தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றபோது சித்தி துணியை விலக்கினாள். உள்ளே ஒரு செடி இருந்தது. அதற்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடியும் மூடிவிட்டாள். அவளைப் பற்றி எனக்கு ஏற்பட்ட முதல் அபிப்பிராயம் அவ்வளவு நல்லதாக இல்லை.

செடியின் பெயர் பெரணி. சின்னத் தென்னங்கீற்றை யாரோ பச்சைக் காகிதத்தில் பொறுமையாக வெட்டி வைத்தது மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து ஆரத்தி எல்லாம் முடிந்த பிறகு அம்மா அந்த டின்னைச் சுற்றி வந்து விசாரித்தாள்.

"இது என்ன பூ பூக்கும்?"

"பூக்காதுக்கா."

"காய்க்குமா?"

"காய்க்கவும் செய்யாதுக்கா."

"பொறவு?"

"இப்படியேதான் இருக்கும்."

அம்மா திரும்பிச் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வீட்டில் பூக்காமலும் காய்க்காமலும் இப்படியே இருக்கிற ஆள் என்று அதுவரை அவருக்குத்தான் பெயர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அப்பாவும் சித்தப்பாவும் அங்கே பேண்டேஜ் துணி வெட்டி, சுருட்டி, கட்டுக் கட்டி அனுப்புகிற தொழில் செய்தார்கள். தறியில் நெய்த துணி பிளீச்சிங் போய் வெள்ளை வெளேரென்று சிப்பம் சிப்பமாக வந்து இறங்கும். மெஷினில் கொடுத்தால் ரோல் ரோலாக வெளியே வரும். எங்கள் ஊரில் இது பெரிய அதிசயமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாக் காரியமும் அந்தத் துணியில்தான் நடந்தது. பால் வடிகட்ட அதுதான், தயிர்ச் சட்டி மூட அதுதான், என் பொம்மைக்குச் சேலையும் அதுதான். கரண்டிக் காம்பு ஆடினால்கூட அதைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டுவிட்டுத்தான் அம்மா அடுத்த வேலை பார்ப்பாள்.

சித்தியின் முன்னோர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறியவர்கள். அதனால் பேச்சு எங்கள் பேச்சு மாதிரியே இருக்கும், கொஞ்சம் மெதுவாக வரும். ஒரு வார்த்தை முடிந்து அடுத்த வார்த்தை வருவதற்குள் எங்கள் வீட்டில் மூன்று பேர் பேசி முடித்திருப்போம். அந்தச் செடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் வேகம் கூடும். நேர் வெயில் ஆகாது. வேர் காயக்கூடாது, அதற்காகத் தண்ணீர் தேங்கவும் கூடாது. மண் பொதபொதவென்று மக்கிய இலை கலந்து இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, காத்துல ஈரம் இருக்கணும் என்றாள்.

"காத்துல ஈரமா?" என்றார் சித்தப்பா. "எங்க ஊருல தண்ணியிலயே ஈரம் கெடையாதே."

அவர் சொன்னது பெரிய பொய்யில்லை. அது சித்திரை மாதம். பெரணியின் நுனிகள் அப்பளம் மாதிரி கருக ஆரம்பித்தன. சித்தி டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் இடம் தேடினாள். முதலில் குளியலறை மூலையில் வைத்தாள். அப்பா கண்ணில் சோப்போடு செம்பைத் தேடியபோது முதுகில் ஏதோ ஊர்ந்திருக்கிறது. அவர் பல்லி என்று முடிவு செய்து பாதிக் குளியலில் வெளியே வந்துவிட்டார். அடுத்து பாத்திரம் துலக்குகிற இடத்தில் வைத்தாள். அங்கே அம்மா கழுவி ஊற்றிய புளித்தண்ணீர் ஒரு பக்கத்து இலைகளைப் பார்த்துக்கொண்டது. கடைசியில் மாடிப்படிக்கு அடியில் குடிதண்ணீர் மண்பானை வைத்திருந்த மேடைக்குக் கீழே இடம் கிடைத்தது. பானை வேர்த்து வேர்த்துச் சொட்டுகிற இடம். எந்த வெயில் நேரத்திலும் அங்கே கை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

அந்த இடம் செடிக்குப் பிடித்துவிட்டது. கொஞ்ச நாளில் நடுவிலிருந்து ஒரு புதுத் தளிர் எழும்பியது. எல்லாச் செடியும் விடுகிற மாதிரித் தளிர் இல்லை. உள்ளுக்குள் இறுக்கமாகச் சுருண்டு, மேலே பழுப்பு நிற ரோமத்தோடு வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பிரிந்தது. சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"ஏ, நம்ம சரக்கு மாதிரில சுருண்டு வருது! அங்க நாங்க சுருட்டுறோம், இங்க இது பிரிக்குது" என்றார்.

அதன் பிறகு அவர் காலையில் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பிவர நேரமானது. சித்தியும் கூடப் போய் நின்றுகொள்வாள். இரண்டு பேரும் ஒரு சுருள் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். "தண்ணி குடிக்க ரெண்டு பேரு எதுக்கு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

ஒரு நாள் சித்தி எனக்கு ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் பழுப்புப் பொட்டுகள் வரிசை தப்பாமல் இருந்தன. இதுதான் இதற்கு விதை மாதிரி, பூவுக்குப் பதிலாக இது, என்றாள். அவளுடைய அம்மா எஸ்டேட் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கசிகிற பாறைச்சுவரிலிருந்து இதைப் பிடுங்கி டின்னில் வைத்தாளாம். வைத்த வருஷமே இறந்துபோனாளாம். சித்தி இதைச் சோறு வடித்தேன் என்கிற மாதிரிதான் சொன்னாள். நான் பொட்டுகளை எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டுவிட்டேன்.

வைகாசியில் ஒரு போன் வந்தது. சித்தியின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எஸ்டேட் வீடு வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான். சாவியை ஒப்படைத்துவிட்டு அவர் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இதைக் கேட்டு அந்த வீட்டில் அழுதது நான் ஒருத்திதான். அந்த லீவுக்கு வால்பாறைக்குக் கூட்டிப்போவதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அட்டைப்பூச்சிக்குப் போட என்று நான் நீளக் காலுறைகூட எடுத்து வைத்திருந்தேன். "அழாதட்டி, வேற ஊருக்குப் போவோம்" என்று சித்திதான் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு போய்ப் பானையடியில் டின்னைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த வாரம் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேசன். கூட இருந்து சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று சித்தி திருப்பூருக்குக் கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சித்தப்பாவிடம் சொன்னாள்: "தண்ணி மட்டும் தெளிங்க. வேற ஒன்னும் செய்ய வேணாம். அந்த வீட்டுக்கு இந்நேரம் வேற ஆளு வந்துருப்பாக, இனி போயி ஒரு வேரு கூட எடுக்க முடியாது. எங்கம்மா கைபட்டதுல இது ஒன்னுதான் மிச்சம்."

"நீ போயிட்டு வா. வாரப்போ ரெண்டு இலை கூடத்தான் இருக்கும், கொறையாது. நான் பொறுப்பு" என்றார் சித்தப்பா.

வேற ஒன்னும் செய்ய வேணாம் என்றாள் பாருங்கள், எங்கள் குடும்பத்துக்கு வராத ஒரே வேலை அதுதான்.

முதலில் ஆரம்பித்தது அம்மா. பானையில் தண்ணீர் மொள்ளக் குனிந்தவள் கண்ணில் இலையின் அடிப்பக்கம் பட்டுவிட்டது. "ஆத்தாடி, எம்புட்டு முட்டை! அந்தப் பிள்ளை வாரதுக்குள்ள பூச்சி இதைத் தின்னு தீத்துருமே" என்றாள். அது விதை என்று நான் சொன்னேன். "விதைன்னா காயில இருக்கும், காயி பூவுல இருந்து வரும். பூக்காத செடிக்கு விதை எங்கிட்டிருந்து வரும்? போய்ப் பாடத்தைப் படி" என்றாள். பஞ்சை வெந்நீரில் நனைத்து, சின்னப் பிள்ளைக்குக் காது துடைக்கிற பக்குவத்தில், ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பொட்டுகளைத் துடைத்து எடுத்தாள். அம்மா அதுவரை அந்தச் செடியைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதற்குத்தான் கொடுத்தாள்.

அந்த வாரம் காற்று வேறு அனலாக வீசியது. பானை சொட்டுகிற ஈரம் பற்றவில்லை. இரண்டு இலைகளின் நுனி காய்ந்தது. சித்தப்பா இடுப்பில் கை வைத்து யோசித்தார். ஈரம் நிற்க வேண்டும், காற்றும் போக வேண்டும், இலைக்கு உறுத்தவும் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த பொருள் அவர் கொட்டகையில் மலையாகக் குவிந்து கிடக்கும்போது வேறெங்கே போவார்? ஆர்டர் சரக்கில் கை வைத்தால் அப்பா சத்தம் போடுவார் என்று மூலையில் தனியாக ஒதுக்கியிருந்த ஒரு சிப்பத்திலிருந்து கிழித்துக்கொண்டு வந்தார். துணியை நனைத்துப் பிழிந்து, கீழே தண்டிலிருந்து தொடங்கி, பாதிக்குப் பாதி மேலே ஏறுகிற மாதிரி நுனிவரை சுற்றி, கடைசியில் ஒரு முடிச்சு. ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்தால் வேலைக்குக் கூப்பிட்டிருப்பாள். எல்லா இலைகளுக்கும் கட்டுப் போட்டு முடித்தபோது, டின்னுக்குள்ளிருந்து அடிபட்ட விரல்கள் எழும்பி நிற்பது மாதிரி இருந்தது.

எதிர்வீட்டு அத்தை மோர் கேட்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், ஆச்சரியம் வந்தால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவாள்.

"அய்யய்யோ, ஏமிட்டி இது! செடிக்கு ஆபரேசனா? எந்த ஆஸ்பத்திரியில?"

"சிரிக்காதீக அத்தை. மூச்சு விடுற துணி இது. குளுகுளுன்னு கெடக்கும்" என்றார் சித்தப்பா.

"அப்போ ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்து பாக்கணும் போலயே" என்று சொல்லிவிட்டு மோரை வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் தெருவில் இரண்டு மூன்று பேர் நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டார்கள்.

சித்தப்பா அசரவில்லை. துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தார். பள்ளிக்கூடம் திறக்காத காலம், அவர் மெஷினில் இருக்கும்போது தெளிப்பது என் பொறுப்பு. சில நாள் கழித்து, எவ்வளவு பச்சையாக இருக்கிறது பார் என்று எனக்கும் அம்மாவுக்கும் காட்டுவதற்காக ஒரு கட்டைப் பிரித்தார். இலை துணியோடு சேர்ந்து வந்தது. வெந்த கீரை மாதிரி இருந்தது. அடுத்ததைப் பிரித்தார். அதில் பச்சையே இல்லை. வெளிறி, சலவைக்குப் போட்ட மாதிரி இருந்தது. அம்மா துணியை மூக்கருகில் கொண்டுபோனாள். கையையும் முகர்ந்து பார்த்தாள்.

"தம்பி, இது எந்தத் துணி?"

"மூலையில கெடந்துச்சே மதினி, அந்தச் சிப்பம்."

"அது பிளீச்சிங் வாசம் போகலைன்னு மறு அலசலுக்குத் திருப்பி அனுப்ப வச்சிருக்கது. நேத்துக் கூட உங்க அண்ணன் சொல்லலையா?"

சித்தப்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, துணியில் மிச்சமிருந்த காரம் கரைந்து கரைந்து இலைக்குள்ளும் குருத்துக்குள்ளும் இறங்கியிருக்கிறது. கொட்டகையிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டார். "நல்ல வேளை, அந்தச் சிப்பத்தை ஆர்டர்ல சேக்கலை" என்றார். அவர் கவலை அவருக்கு.

சித்தப்பா டின்னில் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண்ணை அலசினார். இலைகளை எல்லாம் வெட்டிவிட்டால் வேரிலிருந்து வரும் என்று அம்மா சொன்னாள், வெட்டினார். நடுக்குருத்து கறுத்துப்போய், தொட்டால் கையோடு வந்தது. இவ்வளவு நடந்த பிறகுதான் சித்தியிடமிருந்து போன். தன் அப்பாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், கண் நன்றாகத் தெரிகிறது, நாளை மறுநாள் வருகிறேன் என்றாள். பெரணி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் சித்தப்பா என்னைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னார்: "அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உள்ளதைச் சொல்லித் தொலைய வேண்டியதுதான தம்பி?"

"வேத்தூர்ல இருக்கவகிட்ட போன்ல எப்படி மதினி சொல்ல? பஸ்ஸுல வார வழி பூரா அழுதுட்டு வருவா."

"வந்து பாத்து அழுதா பரவாயில்லையாக்கும்?"

"வந்து பாக்கும்போது செடி இருக்கும்" என்றார் சித்தப்பா. என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அந்த இலை எப்படி இருக்கும்னு உனக்கு அச்சடிச்ச மாதிரித் தெரியும்ல? ஏறு வண்டியில."

மலைச் செடி மலையடிவாரத்தில்தானே இருக்கும் என்று நேரே செண்பகத்தோப்புக்குப் போனோம். அங்கே காட்டிலாகா செக்போஸ்டில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். ஒரே ஒரு செடிதான், வேண்டுமானால் கையாலேயே பிடுங்கிக்கொள்கிறோம், கத்திகூடக் கொண்டுவரவில்லை என்றார்.

"உள்ள இருந்து ஒரு சருகு கூட வெளிய போகக் கூடாதுண்ணே" என்றார் அவர். "ஆமா, எதுக்கு இம்புட்டு அவசரமா ஒரு பெரணி?"

சித்தப்பா முழுக் கதையையும் சொன்னார். அவர் சாய்த்திருந்த நாற்காலியை நேராக்கிக்கொண்டு கேட்டார். கட்டுப் போட்ட இடம் வந்தபோது எழுந்து போய்த் திரும்பி நின்று சிரித்துவிட்டு வந்தார்.

"வீட்டுல வேற ஆளே இல்லையா, இவருக்குப் புத்தி சொல்ல?" என்று என்னைக் கேட்டார். பிறகு சித்தப்பாவிடம் சொன்னார்: "பெரணிக்கு எதுக்குண்ணே காடு? தண்ணி கெடக்குற பழைய கெணறா பாருங்க. கல்லு இடுக்குல மண்டிக் கெடக்கும்."

திரும்பும் வழியில் மம்சாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் அப்படி ஒரு கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கற்கட்டு முழுக்கப் பச்சைப் பசேலென்று தொங்கியது. சித்தப்பா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். யாராவது வந்தால் இருமு என்றார். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார். நான் இருமுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். ஆனால் கையில் கம்போடு ஒருவர் பின்னாலிருந்து வந்து நின்றபோது எனக்கு இருமல் வரவில்லை, விக்கல்தான் வந்தது.

"ஏலே, யாருலே அது கெணத்துக்குள்ள? மோட்டார் ஒயரை அறுக்க வந்தியா? மேல வாலே, இன்னிக்கு உன்னை உரிக்கேன்!"

தோப்புக்காரர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், மீசையும் நிற்கிற நிலையும் சொல்லாமலே சொல்லின. கிணற்றுக்குள்ளிருந்து சித்தப்பா குரல் எதிரொலித்துக்கொண்டு வந்தது.

"ஒயரு இல்லண்ணே! பெரணி!"

"என்னது?"

"பெரணிண்ணே! செடி! என் வீட்டுக்காரிக்கு!"

அவர் கம்பைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் விக்கலோடு தலையாட்டினேன். குனிந்து கிணற்றுக்குள் பார்த்தார்.

"ஏலே, பொண்டாட்டிக்குப் பூ பறிக்கத் தோப்புக்குள்ள வந்தவன பாத்துருக்கேன். கெணத்துக்குள்ள எறங்கிப் புல்லுப் புடுங்குனவன இப்பத்தாம்லே பாக்கேன்" என்றார். "அந்தக் கழுதையால செவரே விரியுது. பூராத்தையும் புடுங்கிட்டுப் போ. கீழ பாசி கெடக்கு, வலது கால பாத்து வையி... அந்தக் கல்லு ஆடும்லே, அதப் புடிக்காத!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா அந்தக் கல்லைப் பிடித்திருந்தார். விழவில்லை, ஆனால் சுவரோடு உராய்ந்து சறுக்கி, இரண்டு முழங்கையிலும் தோல் போய்விட்டது. ஒரு கை நிறைய வேரோடு பெரணியைப் பிடித்தபடி மேலே வந்தார். தோப்புக்காரர் அதை ஈரத் தென்னம்பாளையில் வைத்துக் கட்டிக்கொடுத்தார். போகும்போது எனக்கு ஓர் இளநீரும் வெட்டிக்கொடுத்தார். விக்கல் அதில்தான் நின்றது.

வீட்டுக்கு வந்து சித்தியின் பிஸ்கட் டின்னிலேயே மண்ணை மாற்றி நட்டோம். செத்த செடியை அம்மா கொல்லையில் வாழைக்கு அடியில் புதைத்தாள். பானைக்கு அடியில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தால் முதல் செடி மாதிரியேதான் இருந்தது. நான் மட்டும் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டு இல்லை. இலையின் இரண்டு ஓரத்திலும் பழுப்பாகக் கரை போட்டது மாதிரி மெல்லிய கோடு ஓடியது.

"சித்தப்பா, அது பொட்டு வச்ச இலை. இது கரை வச்ச இலை."

"பேசாம இரு. ஊருல இருந்து வாரவ இலையைத் திருப்பியா பாக்கப் போறா?" என்றார். அம்மாவிடமும் திரும்பி, "மதினி, ஒத்த வார்த்தை பேசக் கூடாது" என்றார். அம்மா பேசவில்லை. ஆனால் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல், சித்தி வருகிற நேரத்துக்கு ஒரு படி உளுந்தை எடுத்துப் புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

சித்தி வந்தாள். பையைக் கீழே வைத்தாள். காலைக் கழுவிவிட்டு நேரே பானையடிக்குப் போய்க் குந்தினாள். நான் பின்னாலேயே போனேன். செடியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு விரல் நுனியால் ஓர் இலையைத் தூக்கித் திருப்பினாள். அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் திருப்பினாள். அப்புறம் ஒன்றும் செய்யாமல் அப்படியே குந்தியிருந்தாள். அடுப்படியில் அம்மாவின் முறம் சத்தம் நின்றுபோயிருந்தது. பானையிலிருந்து ஒரு சொட்டு சித்தியின் மணிக்கட்டில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

சித்தப்பா வாசல் பக்கமிருந்து, "என்ன, சொன்ன மாதிரி இருக்கா?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

சித்தி எழுந்து திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அவள் போய் ஒரு கையை இழுத்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இலையைத் திருப்பிய அதே மாதிரி.

"இது எங்க பட்டது?"

"மெஷின்ல" என்றார் சித்தப்பா.

"ரெண்டு கையுமா?"

"ரெண்டு பக்கமும் மெஷின்தான."

சித்தி உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அவரை உட்காரச் சொல்லி, இரண்டு முழங்கையிலும் தொட்டுத் தொட்டுப் போட்டாள். "செடியை நல்லா வச்சிருக்கீக" என்றாள். சித்தப்பா தரையைப் பார்த்தபடி, "ம்" என்றார். எங்கள் தந்திரம் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கூடவே சித்தியின் மேல் சின்ன ஏமாற்றமும் இருந்தது. சொந்தச் செடியை அடையாளம் தெரியாதவளிடமா இத்தனை நாள் பாடம் கேட்டோம் என்று தோன்றியது.

அன்று முதல் அவள் அந்தச் செடிக்கும் அதே மாதிரிதான் தண்ணீர் தெளித்தாள். காய்ந்த இலையை அடியோடு கிள்ளினாள். மழைக்காலம் வந்ததும் அதைப் பிரித்து இரண்டு மண்தொட்டிகளில் வைத்தாள். ஆனால் சித்தப்பாதான் முன்போல இல்லை. தண்ணீர் குடிக்கப் பானைக்கு வந்தால் செடியைப் பார்க்காமல் மொண்டு குடித்துவிட்டு உடனே கொட்டகைக்குப் போய்விடுவார். சித்தி பக்கத்தில் வந்து நின்றால், மெஷினில் துணி சிக்கிவிட்டது என்பார். அந்த மெஷினில் அத்தனை தடவை துணி சிக்கி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை வந்தாள். சித்தி தொட்டிகளை முற்றத்துத் தூறலில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கட்டுப் போட்ட கதை தெரியும். அதற்குப் பிறகு நடந்தது அரைகுறையாகத்தான் தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அம்மாயி, இது நீ மலையில இருந்து மடியில வச்சுக் கொண்டாந்த செடிதான? உங்கம்மா வச்சது?"

சுவரோரம் பாண்டி ஆடிக்கொண்டிருந்த நான் ஒற்றைக் காலோடு நின்றுவிட்டேன்.

"இல்லத்தை" என்றாள் சித்தி. "அது போயிருச்சு. இது நம்ம ஊருப் பெரணி. ஓரத்துல கரை போட்ட இது கெணத்துக் கல்லுலதான் மொளைக்கும். முழங்கையத் தேய்ச்சுக்கிட்டு எறங்கி எங்க வீட்டுக்காரரு எடுத்துட்டு வந்தது." தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். "உங்களுக்கு ஒரு வேரு தரட்டுமா?"

நான் கொட்டகைக்கு ஓடினேன். மாட்டிக்கொண்டோம், எல்லாம் போயிற்று என்று மூச்சு வாங்கச் சொன்னேன். சித்தப்பா கை மெஷினில் இருந்தது. சத்தத்தில் கேட்கவில்லை போல, மெஷினை நிறுத்தினார்.

"என்ன சொன்னா?"

சொன்னேன்.

"திட்டுற மாதிரியா சொன்னா?"

"இல்ல. சும்மாதான் சொன்னா."

"முதல்ல இருந்து சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு."

நான் சித்தியைப் போலவே மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். அவர் மெஷினில் சாய்ந்துகொண்டு கேட்டார். சிக்காத துணியைக் கையில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். தலையில் எல்லாம் வெள்ளைப் பஞ்சு.

"கடைசில யாரு எடுத்துட்டு வந்ததுன்னா?" என்றார்.

மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை கேட்டார். மெஷின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது, வெளியே தூறல் சத்தம்கூடக் கேட்டது. ஆனாலும் அவருக்கு மட்டும் நான் சொல்வது காதில் விழவில்லை. நான் வீட்டுக்குள் போய், தினமும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்து சித்தப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.